39 டாலர் கேட்கிறான்: யுனிவர்சிட்டி லைப்ரரி வழியா இந்த மூணு பேப்பரை எடுக்க முடியுமா?

#1 கண்மாய்க்கரை

வணக்கம். இராமநாதபுரம் பக்கம் ஒரு உதவி பெறும் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி. பதிவு செய்து இரண்டு வருஷம் ஆகிறது. கண்மாய்களும், ஊர்க்காரர்களே அவற்றைச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கமும் பற்றியது. அதற்கு மேல் வெளியே சொல்லக் கூடாது என்பது கைடு உத்தரவு. தலைப்பை யாராவது தூக்கிவிடுவார்களாம்.

மூன்று கட்டுரைகள் வேண்டும். முதலாவது 2022-இல் வந்தது, இங்கிலாந்துப் பதிப்பகத்தின் ஜர்னல். முதல் பக்கத்தைக் காட்டிவிட்டு 39 டாலர் கட்டச் சொல்கிறது. இரண்டாவது எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் (ஈபிடபிள்யூ) 2011-இல் வந்தது. அவர்கள் தளத்திலேயே தேடினேன், சிக்கவில்லை. மூன்றாவது 1958, சென்னையிலிருந்து வந்து எப்போதோ நின்றுபோன ஒரு காலாண்டிதழ்.

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் ஓபேக்கில் (கணினிப் பட்டியலில்) மூன்று தலைப்பையும் அடித்துப் பார்த்தேன். மூன்றுக்கும் பூஜ்யம். கவுண்டரில் கேட்டால் "ஆன்லைன்ல இருக்கும் பாருங்க" என்கிறார்கள். ஆன்லைனில் போனால் "உங்கள் நூலகத்தைக் கேளுங்கள்" என்கிறது. நடுவில் நான் பஸ்ஸில் போய்வந்துகொண்டு இருக்கிறேன்.

#2 மூணாம் வருஷம்

தம்பி, 2026-ல போய் யாராவது லைப்ரரி கவுண்டர்ல நிப்பாங்களா? டெலிகிராம்ல ஒரு பாட் இருக்கு, பேப்பரோட நம்பர் போட்டா பிடிஎஃப் வந்து விழும். எங்க லேப் மொத்தமும் அதுலதான் ஓடுது. லிங்க்: [நெறியாளரால் நீக்கப்பட்டது]

#3 சும்மா பார்க்க வந்தேன்

தலைப்பைச் சொல்லக் கூடாதுன்னு கைடு சொன்னாராம். யூசர்நேம்லயே கண்மாய் இருக்கு. ஆராய்ச்சி பத்திரமா இருக்கும்.

#4 கண்மாய்க்கரை

தம்பி இல்லை, அக்கா. 41 வயசு. லிங்க் நீக்கப்பட்டதால் பயன்படுத்திப் பார்க்கும் பாக்கியமும் இல்லை.

#5 அடுக்கு 954

பல்கலைக்கழக நூலகத்தில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன், பருவ இதழ்ப் பிரிவு. உங்களுக்கு மூன்று கட்டுரைக்கும் மூன்று விதமான சிக்கல். ஒன்றாகக் கட்டிவைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம்.

முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பேசிவிடுவோம். வருகிற ஆய்வாளர்களில் பாதிப்பேர் இங்கேதான் விழுகிறார்கள். ஓபேக் என்பது நூலகத்தில் என்னென்ன புத்தகம், என்னென்ன இதழ் இருக்கிறது என்ற பட்டியல். இதழுக்குள் இருக்கும் கட்டுரைகளை அது அறியாது. மளிகைக்கடைப் பலகையில் "துவரம்பருப்பு" என்று எழுதியிருக்கும், ஒவ்வொரு பருப்புக்கும் பெயர் எழுதியிருக்காது. நீங்கள் கட்டுரைத் தலைப்பை அடித்தால் பூஜ்யம்தான் வரும், கட்டுரை உங்களுக்குப் பின்னாலிருக்கும் அலமாரியிலேயே இருந்தாலும். ஓபேக்கில் அடிக்க வேண்டியது இதழின் பெயர். அது வந்ததும், நூலகத்தில் இருக்கும் தொகுதிகளின் வரிசையைப் பாருங்கள். "1-6, 8-11" என்று போட்டிருந்தால் 7 இல்லை என்று பொருள். அந்த ஒரு காற்புள்ளியைக் கவனிக்காமல் மதுரையிலிருந்து கிளம்பி வந்தவரை எனக்குத் தெரியும்.

உங்கள் 1958 கட்டுரைக்கு இதைச் செய்யுங்கள். இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண் மூன்றும் கையில் வேண்டும். வருஷம் மட்டும் போதாது. ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் தொகுதிகளை அந்தக் காலத்தில் 1957-58 என்று முதுகில் அச்சிட்டு பைண்டு செய்திருப்பார்கள்.

2022 கட்டுரைக்கு ஓபேக் பக்கமே போக வேண்டாம். அதை நாளை சொல்கிறேன், இப்போது வீட்டுக்குப் போகும் நேரம்.

ஒரு கேள்வி மட்டும்: அந்த 2011 மேற்கோள் உங்களுக்கு எங்கே கிடைத்தது?

#6 பனிக்காலம்

டொரன்டோவிலிருந்து. 2022 பேப்பரின் தலைப்பை எனக்கு மட்டும் மெசேஜ் பண்ணுங்க அக்கா, யாருக்கும் சொல்ல மாட்டேன். கூகுள் ஸ்காலர்ல கிடைக்குதா பார்க்கிறேன்.

#7 பனிக்காலம்

கிடைச்சுது, மூணு நிமிஷம். கூகுள் ஸ்காலர்ல ஒவ்வொரு முடிவுக்கும் கீழே சின்னதா "எல்லாப் பதிப்புகளும்" என்று ஒரு இணைப்பு இருக்கும். அதைத் தட்டினா அதே கட்டுரை வேற எங்கெல்லாம் கிடக்குதுன்னு வரும். இவங்க கட்டுரை, எழுதினவர் வேலை செய்யற பல்கலைக்கழகத்தோட களஞ்சியத்துல இலவசமா இருக்கு. நம்ம ஆளுங்க மேலே இருக்கிற பதிப்பகம் இணைப்பைத் தட்டி, 39 டாலரைப் பார்த்து, பயந்து ஓடிடறாங்க. கீழே பார்க்கறதே இல்லை.

அன்பேவால்னு ஒரு பிரௌசர் நீட்சி இருக்கு, இதே வேலையை அதுவே செய்யும். பதிப்பகப் பக்கத்துல நிக்கும்போது ஓரத்துல பூட்டு பச்சையா மாறினா எங்கேயோ சட்டப்படியான இலவசப் பிரதி இருக்குன்னு அர்த்தம்.

#8 கண்மாய்க்கரை

மூன்று நிமிஷமா! நான் மூன்று மாதமாக முழித்துக்கொண்டிருந்தேன். கோடி நன்றி.

சார், 2011 மேற்கோள்... கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. என் மாணவி ஒருத்தி ஏஐ சாட்பாட்டில் கேட்டு எடுத்துத் தந்த பட்டியலில் இருந்தது. ஆசிரியர் உண்மையில் இருக்கிறவர், நீர்ப்பாசனம் பற்றி எழுதுகிறவர்தான். விவரம்: தொகுதி 38, இதழ் 4, அக்டோபர் 2011, பக்கம் 112-129.

#9 அடுக்கு 954

நினைத்தேன். அம்மா, அப்படி ஒரு கட்டுரை கிடையாது. தளத்தைத் திறக்காமலே சொல்ல முடியும், கணக்குப் போடுங்கள்.

அந்த வார இதழ் 1949-இல் எக்கனாமிக் வீக்லி என்ற பெயரில் தொடங்கியது. 1966-இல் இப்போதைய பெயருக்கு மாறியபோது தொகுதி எண்ணும் மறுபடி 1-லிருந்து ஓடியது. 1966 தொகுதி 1 என்றால் 2011 தொகுதி 46. உங்கள் மேற்கோளில் இருக்கும் 38 என்பது 2003. அடுத்தது, வருஷத்துக்கு ஐம்பது சொச்சம் இதழ் வரும் வாரப் பத்திரிகைக்கு 4-ஆம் இதழ் எப்படி அக்டோபரில் வரும்? ஜனவரியில் வர வேண்டும். அக்டோபரில் நாலாவது இதழ் வருவது காலாண்டிதழுக்கு. இயந்திரம் ஏதோ காலாண்டிதழின் சட்டையை எடுத்து வார இதழுக்கு மாட்டிவிட்டது.

இப்போதெல்லாம் வாரம் இரண்டு பேராவது இப்படி வருகிறார்கள். பெயர் நிஜம், பத்திரிகை நிஜம், தலைப்பு கேட்கவே அழகாக இருக்கும். கட்டுரை மட்டும் பிறக்கவில்லை. போன மாதம் ஒருவர், நாங்கள் ஒளித்துவைத்திருக்கிறோம் என்ற மாதிரி சண்டைக்கே வந்துவிட்டார்.

இன்னொரு தகவல், உங்கள் துறைக்கு இது பயன்படும். யாராவது ஒரு புத்தகத்தில் "ஈபிடபிள்யூ 1961" என்று மேற்கோள் காட்டியிருந்தால் அதை ஈபிடபிள்யூவில் தேடாதீர்கள், அப்போது அந்தப் பெயரே இல்லை. பழைய பெயரில் தேடுங்கள். பெயர் மாறிய இதழ்களை ஓபேக்கில் இரண்டு தனிப் பதிவாக வைத்திருப்பார்கள்.

#10 மூணாம் வருஷம்

அக்கா, தம்பின்னு சொன்னதுக்கு சாரி.

ஆனா ஒண்ணு கேக்கறேன். காசில்லாம பேப்பர் தர்ற சை-ஹப் தளம் இருக்கும்போது இவ்வளவு சுத்தணுமா? சட்டம் பேசாதீங்க, 39 டாலர் வாங்கறவன் எழுதினவருக்கு ஒரு பைசா தர்றதில்லை, ரிவ்யூ பண்றவருக்கும் தர்றதில்லை.

#11 அடுக்கு 954

நீங்கள் சொன்ன கடைசி வரியோடு எனக்குச் சண்டை இல்லை. 30 வருஷமாக நூலகர்கள் சொல்லி வருவதுதான். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். எல்செவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. அந்த வழக்கையொட்டி அந்தத் தளத்தில் புதுக் கட்டுரைகள் ஏறுவது ஏறக்குறைய நின்றது. 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் இந்தியாவில் தளத்தை முடக்கவும் சொல்லிவிட்டது. அம்மாவின் கட்டுரை 2022. சட்டத்தை விடுங்கள், அங்கே போனாலும் அது இருக்க வாய்ப்புக் குறைவு. 1958 காலாண்டிதழ் அங்கே ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த டெலிகிராம் பாட்டைப் பற்றி: அதன் வழியாக வரும் பிடிஎஃப்பில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று உங்கள் லேப் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவரிடம் கேளுங்கள்.

#12 நெறியாளர்

அத்தகைய இணைப்புகள் இங்கே வேண்டாம். கருத்தைச் சொல்லலாம், லிங்க் போட்டால் நீக்குவோம். மூணாம் வருஷம், இது உங்களுக்கு இரண்டாவது எச்சரிக்கை.

#13 செங்கல்பட்டு சாமி

ஓய்வு பெற்ற பொருளியல் பேராசிரியன். அரசு நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக ஆய்விதழ்ச் சந்தா கட்டும் திட்டம், ஒரே நாடு ஒரே சந்தா என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததே, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அப்படியிருக்க இந்த அம்மையார் ஏன் 39 டாலர் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்? பணம் கட்டியாயிற்று, சாவி எங்கே?

எங்கள் காலத்தில் இதழ் வந்தால் பெருக்குபவர் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும், காட்சி அலமாரியில் அட்டை தெரிய வைப்பார்கள். இப்போது 13,000 இதழ் வந்திருக்கிறது, வந்த சுவடே தெரியவில்லை.

#14 அடுக்கு 954

பேராசிரியர் கேட்டது சரியான கேள்வி. சாவி இரண்டு வகை. வளாகத்துக்குள் நூலகத்தின் நெட்டில் உட்கார்ந்தால் எந்தக் கடவுச்சொல்லும் வேண்டாம், பதிப்பகம் உங்கள் ஐபி எண்ணைப் பார்த்தே கதவைத் திறக்கும். மொபைல் டேட்டாவில் அதே மேசையில் உட்கார்ந்து திறந்தால் 39 டாலர். இதைச் சொல்லாமல் விட்டதால் எத்தனையோ பேர் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து திட்டியிருக்கிறார்கள்.

வீட்டிலிருந்து பார்க்க இன்ஃபெட் ஐடி வேண்டும். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும் உள்நுழைவு அது. பதிப்பகத் தளத்தில் "நிறுவனம் வழியாக நுழை" என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைத் தட்டி, பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐடியைப் போட வேண்டும். பட்டியலில் பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது தனிப் புதிர். சிலது ஊர்ப் பெயரில், சிலது தலைவர் பெயரில், சிலது சுருக்கமாக. இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள்.

அம்மாவின் சிக்கல் இங்கேதான் என்று ஊகிக்கிறேன். எந்த நிறுவனத்தின் பெயரில் முயன்றீர்கள்?

#15 கண்மாய்க்கரை

என் கல்லூரி பெயரில். பட்டியலிலேயே இல்லை.

#16 அடுக்கு 954

அதுதான். அந்தத் திட்டம் முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு, 6,300-க்கு மேல். உங்கள் கல்லூரி அதில் வராமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்க்கிறவர் மட்டும். ஆய்வு மாணவியாக உங்கள் பெயர் இருப்பது பல்கலைக்கழகத்தில். பகுதிநேரம் என்றாலும் மாணவி மாணவிதான். பதிவு ஆணையின் நகல், கைடு கையெழுத்தோடு ஒரு கடிதம், பல்கலைக்கழக நூலகருக்குக் கொடுங்கள். "இன்ஃபெட் பயனர் கணக்கு வேண்டும்" என்று அந்தச் சொல்லையே எழுதுங்கள். "ஆன்லைன் வசதி வேண்டும்" என்று எழுதினால் கடிதம் கணினி மையத்துக்குப் போய்விடும், திரும்பி வராது.

இலவசப் பிரதிதான் கிடைத்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்றால்: களஞ்சியத்தில் இருப்பது பெரும்பாலும் ஆசிரியர் கடைசியாகத் திருத்திக் கொடுத்த வேர்டு கோப்பு. வாசகம் அதேதான், பக்க எண் வேறு. அச்சில் பக்கம் 614 என்றால் அங்கே பக்கம் 9 என்று இருக்கும். படிக்க அது போதும், அடிக்குறிப்பு போட அச்சுப் பதிப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

#17 யாழ்தேவி

அக்கா, நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதிறன். எங்களுக்கு உந்தச் சந்தாக் கதையெல்லாம் இல்லை. நான் செய்யிறது ஒண்டுதான், எழுதின ஆளுக்கே மின்னஞ்சல் போடுவன். நாலு வரி. நான் இன்னார், இன்ன வேலை செய்யிறன், உங்கட கட்டுரையை வாசிக்க ஏலாமல் கிடக்கு, ஒரு பிரதி அனுப்புவீங்களோ. பத்துப் பேருக்குப் போட்டால் ஆறேழு பேர் அனுப்பியிருக்கினம். ஒருத்தர் தன்ர இன்னும் வெளிவராத கட்டுரையையும் சேர்த்து அனுப்பிவிட்டார். கேக்கிறதில வெக்கப்பட ஒண்டுமில்லை, தங்கட எழுத்தை ஒராள் தேடி வாசிக்குது எண்டால் அவைக்குச் சந்தோசம்தான்.

வன்னிக் குளங்களைப் பற்றிப் பழைய கட்டுரை ஏதும் தேவைப்பட்டால் 'நூலகம்' எண்ட இணையத்தளத்தையும் பாருங்கோ. 2005இலயிருந்து பெடியள் பழைய சஞ்சிகை, மலர், பேப்பர் எல்லாம் ஸ்கான் பண்ணிப் போடினம். 1981இல எங்கட பொது நூலகம் எரிஞ்ச ஊர்க்காரருக்கு அது வெறும் இணையத்தளம் இல்லை.

#18 விக்கிப்புழு

யாரும் சொல்லாத ஒரு வழி. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் கவனிக்க: விக்கிமீடியா திட்டங்களில் 500 தொகுப்புகள் செய்து, கணக்குத் தொடங்கி 6 மாதம் ஆகி, கடைசி மாதத்தில் 10 தொகுப்பாவது இருந்தால் விக்கிப்பீடியா நூலகம் தானே திறக்கும். பழைய ஆய்விதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோர் உட்பட பல தளங்கள் அதற்குள்ளே. எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கிடையாது, பத்தாம் வகுப்பு ஆசிரியர், இதை வைத்துத்தான் படிக்கிறேன்.

அது இல்லாதவர்கள் ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்கினாலே மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். இறக்கிக்கொள்ள முடியாது, அவ்வளவே.

#19 கண்மாய்க்கரை

எல்லோருக்கும் நன்றி. கடிதம் கொடுத்துவிட்டேன். இதற்கிடையில் இன்னொரு சந்தேகம். இந்த மூன்றைத் தாண்டி, குடிமராமத்து பற்றி இன்னும் என்னென்ன வந்திருக்கிறது என்று தேடினால் எனக்கு வருவதெல்லாம் 2017-இல் அரசு மறுபடி தொடங்கிய திட்டத்தைப் பற்றிய கட்டுரைகள். எனக்கு வேண்டியது 19-ஆம் நூற்றாண்டு. 1858 கட்டாய உழைப்புச் சட்டத்தைச் சுற்றிய விவாதங்கள். ஒன்றிரண்டுதான் சிக்குகிறது. உண்மையிலேயே யாரும் எழுதவில்லையா?

#20 அடுக்கு 954

எழுதியிருக்கிறார்கள். நீங்கள் இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடுகிறீர்கள்.

இதைப் பற்றி மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். குடிமராமத்து என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வெறும் 'டி'யோடு நிற்கும் வடிவம், பக்கத்தில் 'எச்' சேர்த்த வடிவம், அதற்கும் பின்னால் 'யு' போட்ட வடிவம் என்று மூன்று உண்டு. 2017 திட்டம் மூன்றாவது வடிவத்தில் எழுதப்படுகிறது. வெள்ளைக்காரன் ஆவணங்களும் அவற்றை வைத்து எழுதிய வரலாற்றாசிரியர்களும் பெரும்பாலும் முதலாவது. நீங்கள் இரண்டு எழுத்தைக் கூடுதலாகப் போட்டதால் நூறு வருஷம் கழன்றுவிட்டது.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். இராமநாதபுரம் என்று அடித்தால் பழைய கட்டுரை வராது, ராம்நாடு. திருநெல்வேலி தின்னவேலி, தஞ்சாவூர் டாஞ்சோர், செங்கல்பட்டு சிங்கில்புட் (பேராசிரியர் மன்னிக்க). கண்மாய் என்ற சொல்லையே பலர் போட மாட்டார்கள், 'டேங்க்' என்பார்கள். அதைத் தனியாக அடித்தால் பீரங்கி வண்டி வரும், மீன் தொட்டி வரும். 'டேங்க் இரிகேஷன்' என்று இரட்டை மேற்கோள் குறிக்குள் சேர்த்துப் போடுங்கள். சிலர் 'மைனர் இரிகேஷன்' என்பார்கள். மானுடவியல்காரர்கள் ஏரி என்று அப்படியே எழுதுவார்கள்.

ஜேஸ்டோர் மாதிரித் தளங்களில் சொல்லின் பொதுவான பகுதியை மட்டும் எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வால்களும் வந்துவிடும். கூகுள் ஸ்காலரில் அந்த நட்சத்திரம் வேலை செய்யாது. அங்கே ஒவ்வொரு வடிவத்தையும் எழுதி நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் அதையும் ஒரு சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

எங்கே தேடுகிறோம் என்பதும் இருக்கிறது. ஸ்கோபஸ் போன்ற கட்டுரை அட்டவணைத் தளங்கள் தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் இவற்றில் தேடும். 1960-களின் வரலாற்றுக் கட்டுரைக்குச் சுருக்கமும் கிடையாது, குறிச்சொல்லும் கிடையாது. தலைப்பில் உங்கள் சொல் இல்லையென்றால் போச்சு. ஜேஸ்டோர் கட்டுரையின் உடம்பு முழுக்கத் தேடும். "சென்னை மாகாணத்தில் நிலவரி" என்ற தலைப்புள்ள கட்டுரையின் 14-ஆம் பக்கத்தில் குடிமராமத்து என்று ஒரு பத்தி இருந்தால் அங்கே மட்டும்தான் அகப்படும்.

#21 செங்கல்பட்டு சாமி

சிங்கில்புட்டுக்கு மன்னிப்பு உண்டு.

தேடுசொல்லைவிட நம்பகமான வழி ஒன்று சொல்கிறேன். நல்ல ஆய்வேடு ஒன்றைப் பிடித்து அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் 5 லட்சத்துக்கும் மேல் ஆய்வேடுகள் கிடக்கின்றன. தமிழகப் பல்கலைக்கழகங்களில் பாசனம் பற்றி 80-களிலும் 90-களிலும் செய்தவர்கள் ஆவணக் காப்பகத்திலேயே பாய் விரித்துப் படுத்தவர்கள். அவர்கள் நூற்பட்டியில் இருப்பதை எந்தத் தேடுபொறியும் தராது. அங்கிருந்து பின்னோக்கிப் போகலாம். முன்னோக்கிப் போக ஸ்காலரில் "மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பு.

வேளாண் பொருளியல் கட்டுரை என்றால் மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் அக்-ஈகான் சர்ச். இந்தியன் ஜர்னல் ஆஃப் அக்ரிகல்ச்சுரல் எக்கனாமிக்ஸ் அங்கே இலவசம். நம் மும்பை இதழை அமெரிக்கக் களஞ்சியத்தில் போய்ப் படிப்பது வேடிக்கைதான்.

அப்புறம், தமிழில் வந்தவை. தஞ்சாவூர் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ஆவணம் இதழைப் புரட்டினீர்களா? மடைக் கல்வெட்டு, குமிழிக் கல்வெட்டு என்று வருஷா வருஷம் புதிதாகக் கண்டெடுத்தவை அதில்தான் வரும். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழையும் விட்டுவிடாதீர்கள். சங்கத்தை 1901-இல் தொடங்கிய பாண்டித்துரைத் தேவர் உங்கள் சீமைக்காரர், சேதுபதி குடும்பத்து உறவு. இவற்றையெல்லாம் ஸ்கோபஸில் தேடிவிட்டு "தமிழில் ஆராய்ச்சியே இல்லை" என்று முன்னுரை எழுதும் ஆய்வேடுகளைத் திருத்தித் திருத்தியே என் கண் போயிற்று.

#22 மூணாம் வருஷம்

சார், நான் கெமிஸ்ட்ரி, எங்களுக்குப் பத்து வருஷத்துக்கு முந்தின பேப்பரே பழசு. நீங்க பாய் விரிச்சுப் படுத்த கதை நல்லாருக்கு.

ஒண்ணு ஒத்துக்கறேன். இன்ஃபெட் ஐடி எனக்கும் இருந்திருக்கு, சேர்ந்தப்பவே மெயில் வந்திருக்கு, ஸ்பேம்ல கிடந்துச்சு. ரெண்டு வருஷமா.

#23 சும்மா பார்க்க வந்தேன்

6,000 கோடி ஸ்பேம்ல.

#24 கண்மாய்க்கரை

நிலவரம் சொல்கிறேன். ஐடி வந்துவிட்டது, நான்கு நாள். நூலகத்தில் ஒரு தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்காலர் அமைப்பில் நூலக இணைப்பையும் சேர்த்துத் தந்தார். ஐந்து நூலகம் வரை சேர்க்கலாமாம். இப்போது முடிவுக்குப் பக்கத்திலேயே எங்கள் நூலகம் வழியாகத் திறக்கும் இணைப்பு வருகிறது. 2022 கட்டுரையின் அச்சுப் பதிப்பு கையில். 2011 கட்டுரையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், மாணவிக்கும் தொகுதி எண் கணக்கைக் கற்றுக்கொடுத்தாயிற்று. பழைய எழுத்துக்கூட்டலில் தேடியதில் ஒரே ராத்திரியில் 17 கட்டுரை. அதில் ஆறேழு நிஜமாகவே தேவை.

1958-தான் வதைக்கிறது. எங்கள் ஓபேக்கில் இதழ் இருக்கிறது. தொகுதிகள் 1-6, 8-11. எனக்கு வேண்டியது 7! அடுக்கு சார், நீங்கள் ஜோசியமும் பார்ப்பீர்களா?

சென்னையில் ஒரு பழைய நூலகத்தில் 7 இருப்பதாகத் தெரிந்து, லீவு போட்டு, இரவு ரயிலில் போனேன். பைண்டு வால்யூம் வந்தது. தூசி தட்டிப் பிரித்தேன். பொருளடக்கத்தில் கட்டுரை பக்கம் 201 என்று இருக்கிறது. 200-க்கு அடுத்தது 223. நடுவில் பிளேடு வைத்து அழகாக அறுத்திருக்கிறார்கள். அடிக்கட்டை மட்டும் வரிசையாக நிற்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுகை வந்துவிட்டது.

#25 செங்கல்பட்டு சாமி

எழுபதுகளில் ஜெராக்ஸ் அரிது. பிளேடு 10 பைசா. அறுத்தவன் இன்று எங்காவது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பான். நான் இல்லை.

#26 பனிக்காலம்

வேர்ல்ட்கேட்னு உலக நூலகங்களோட கூட்டுப் பட்டியல் இருக்கு, அதுல இதழ் பேரைப் போட்டுப் பார்த்தேன் அக்கா. வெளிநாட்டுல சில இடத்துல இருக்கு, ஆனா அதுக்கு முன்னாடி இந்தியாவுக்குள்ள கேளுங்க. புனேல ஒரு நூலகத்துல முழு வரிசையும் இருக்கிற மாதிரி தெரியுது.

#27 அடுக்கு 954

நேரில் போகாதீர்கள். அலைந்தது போதும். உங்கள் பல்கலைக்கழக நூலகம் டெல்நெட் உறுப்பினரா என்று கேளுங்கள். 1988-லிருந்து டெல்லியில் இருந்து நடக்கும் நூலக வலைப்பின்னல். உறுப்பு நூலகம் கேட்டால் இன்னொரு உறுப்பு நூலகம் கட்டுரையை ஸ்கேன் செய்து அனுப்பும். நீங்கள் தனியாளாகக் கேட்க முடியாது, உங்கள் நூலகர் மூலமாகத்தான். படிவத்தில் ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, இதழ் எண், பக்கம் 201-222 என்று முழுசாக எழுதுங்கள். சென்னையில் பொருளடக்கத்தைப் பார்த்து வந்தீர்களே, அந்த ரயில் டிக்கெட் வீண் இல்லை.

#28 யாழ்தேவி

வந்தால் சொல்லுங்கோ அக்கா. நாங்களும் காத்துக்கொண்டிருக்கிறம்.

#29 கண்மாய்க்கரை

வந்துவிட்டது! பத்தொன்பது நாள். 22 பக்கமும் இருக்கிறது. ஏழாம் பக்கத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்கூட விழுந்திருக்கிறது, அதில் மோதிரம். யாரோ தெரியவில்லை, நல்லா இருக்கட்டும்.

கட்டுரை நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம். ராம்நாடு ஜமீனில் கண்மாய் வாரியாக எத்தனை ஆள், எத்தனை நாள் மராமத்துக்கு வந்தார்கள் என்று ஒரு அட்டவணையே கொடுத்திருக்கிறார். அதுதான் பிரச்சினை. அட்டவணை, பக்கம் 209-க்கு எதிரே மடித்து ஒட்டிய பெரிய தாளில் இருந்திருக்கிறது. மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்துவிட்டார்கள். கால்வாசிதான் தெரிகிறது. பரமக்குடி வரை இருக்கிறது, முதுகுளத்தூர் மடிப்புக்குள்.

#30 அடுக்கு 954

மறுபடி ஒரு கோரிக்கை. குறிப்பு என்ற கட்டத்தில் "பக்கம் 209-க்கு எதிரே உள்ள மடிப்புத் தாளை முழுவதும் பிரித்து ஸ்கேன் செய்து அனுப்பவும்" என்று எழுதுங்கள். பக்க எண் போடாத தாள் அது, அதனால் எதிரே என்ற சொல் முக்கியம். பழைய கோரிக்கை எண்ணையும் சேருங்கள், அதே ஆளிடம் போகும்.

#31 சும்மா பார்க்க வந்தேன்

மோதிரக்காரரே, முதுகுளத்தூரை விரிச்சு விடுங்க.